தத்துப் பிள்ளைக்கு ஆலோசனை: தனியாகவா, அம்மா அப்பாவோடா?

தாழை:
விவாதத்துக்கு ஒரு மாதிரி வைக்கிறேன். 4 வயதில் காப்பகத்திலிருந்து தத்தெடுக்கப்பட்ட பெண் குழந்தை, இப்போது 8 வயது. சாப்பாட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறாள். கண்ணெதிரே நடந்ததையே இல்லை என்கிறாள். அம்மாவிடம் மட்டும் எரிந்து விழுகிறாள், பள்ளியில் சமர்த்து. இப்படி ஒரு பிள்ளை வந்தால் பல ஆலோசகர்கள் பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டு, வாரம் ஒருமுறை 50 நிமிடம் விளையாட்டுச் சிகிச்சை கொடுக்கிறார்கள். இது பல நேரம் கெடுதலாகவே முடியும் என்பது என் கட்சி. வந்து போகும் பெரியவர்களிடம் இனிமையாக இருப்பதுதான் காப்பகத்தில் அவள் கற்ற பிழைக்கும் வழி. ஆலோசகரிடமும் அதையே செய்வாள். "நல்ல பிள்ளையாச்சே" என்பார் அவர். அம்மாதான் சரியில்லை என்ற தீர்ப்பு எழுதாமலே எழுதப்பட்டுவிடும். முதல் 2, 3 அமர்வு பெற்றோர் மட்டும், பிறகு பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து: அமெரிக்க உளவியலாளர் டான் ஹியூஸ் வகுத்த, பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து நடத்தும் டி.டி.பி. சிகிச்சை முறையும் இந்த வழியில்தான் போகிறது.

மருதன்:
தாழை மேடம், பாதியைத்தான் சொல்கிறீர்கள். "என்னைப் பெத்தவங்க ஏன் விட்டாங்க" என்று வளர்க்கிற அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே 8 வயதுப் பிள்ளை கேட்குமா? அம்மா மனசு நோகும் என்று அதற்கு நன்றாகத் தெரியும். இந்த வீடு கிடைத்ததென்றால் அதற்கு முன் ஒரு வீடு போயிருக்கிறது என்பது 6-8 வயதில்தான் பிள்ளைகளுக்கு உறைக்கிறது. தத்துப் பிள்ளைகளை ஆராய்ந்த உளவியலாளர் டேவிட் பிராட்சின்ஸ்கியின் ஆய்வுகள் சொல்வதும் அதுதான். வீட்டில் புதிதாக எதுவும் நடக்காமலே பிள்ளை திடீரென மாறும் வயது அது. அதைக் கொட்ட ஓர் இடம் வேண்டாமா? இன்னொன்று, வீட்டில் அடி விழுகிறதா என்பதை அடிக்கிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா கேட்பீர்கள்?

தாழை:
பாதுகாப்பை விசாரிக்கத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும், அதில் சண்டையில்லை. ஆனால் அது விசாரணை, சிகிச்சை அல்ல. அம்மாவிடம் கேட்க முடியாததை ஆலோசகரிடம் கேட்டாள் என்றால் ஆலோசகருக்கு மகிழ்ச்சி. வீட்டில் அந்தக் கேள்வி கேட்கப்படாமலேதான் இருக்கும். அதற்காகத்தான் பெற்றோர் மட்டும் வரும் அமர்வுகள். பிள்ளையில்லாத துயரம் அவர்களுக்கு ஆறியிருக்கிறதா, தத்துக் கோப்பில் உள்ளதில் எதைப் பிள்ளைக்குச் சொன்னார்கள், எதை மறைத்தார்கள், பிறந்ததிலிருந்து அவள் யார் யாரிடம் எத்தனை மாதம் இருந்தாள் என்று ஒரு காலக்கோடு. இதெல்லாம் இல்லாமல் பிள்ளையை உள்ளே அழைக்கக் கூடாது.

ருமேனியாவின் புகாரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வில் 136 காப்பகக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். வளர்ப்பவரோடு உண்டாகும் பிணைப்பில் தேறியது குடும்பத்துக்குப் போன பாதிதான். மருந்து குடும்பமே.

மருதன்:
அந்த ஆய்வு ஒப்பிட்டது காப்பகத்தையும் குடும்பத்தையும். தனி அமர்வையும் கூட்டு அமர்வையும் அல்ல. இழுத்துப் பொருத்தாதீர்கள். அதிலும் 2 வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள்.

கூட்டு அமர்வு எங்கே கவிழும் தெரியுமா? களைத்துப்போன அம்மா உட்கார்ந்ததும் அந்த வாரக் குற்றப்பட்டியலை வாசிப்பார். பிள்ளை நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்ளும். அவமானம் ஏறிய பிள்ளையிடம் பிறகு ஒரு வார்த்தை வாங்க முடியாது.

டாக்டர் கார்த்திகா:
என்ன கோளாறு என்று பார்க்கும் முன்பே இரண்டு பேரும் சிகிச்சை அறைக்குள் போய்விட்டீர்கள். முதலில் காது, கண், இரத்தசோகை பாருங்கள். கருவில் மதுவின் பாதிப்பு இருந்ததா என்று கேளுங்கள். அப்படிப்பட்ட பிள்ளை சொல்லும் "பொய்", பல நேரம் நினைவில் விழுந்த ஓட்டையைக் கற்பனையால் அடைப்பது. தண்டனையால் அது மாறாது; ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, அதே வரிசையில் தினமும், இப்படி வீட்டு நடைமுறையைத்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம் படிவம். "குடும்ப நோய் வரலாறு: இல்லை" என்று எழுதுகிறார்கள். எழுத வேண்டியது "தெரியாது". "இல்லை" ஒருமுறை ஏறிவிட்டால் அடுத்தடுத்த டாக்டர்கள் அதை நம்பி, பரம்பரை நோய்களைப் பற்றி யோசிக்காமலே விட்டுவிடுவார்கள்.

எடுத்ததும் ரியாக்டிவ் அட்டாச்மென்ட் டிஸ்ஆர்டர் (பிணைப்புக் கோளாறு) என்று முத்திரை குத்துவதையும் விடுங்கள். மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்-5 படி அதன் மையம், நோகும்போதும் யாரிடமும் ஆறுதல் தேடாமல் ஒடுங்கியிருப்பது. அது 5 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பொய்யும் திருட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

மருதன்:
டாக்டர் சொன்னது நூற்றுக்கு நூறு. அந்த முத்திரையை வைத்து நடந்த கொடுமையும் உண்டு. 2000-இல் அமெரிக்காவின் கொலராடோவில் 10 வயதுத் தத்துச் சிறுமியைப் "பிணைப்பு வரும்" என்று துணியில் சுற்றி, மேலே அழுத்தி, மூச்சு முட்டியே சாகடித்தார்கள். அந்த அமர்வில் தத்துத் தாயும் இருந்தார். ஆகவே பெற்றோர் உடனிருப்பதே பாதுகாப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வகுப்பறை:
"பள்ளியில் சமர்த்து" என்பதை நற்சான்றாக எடுக்காதீர்கள். நாளெல்லாம் அடக்கிவைத்ததை வீட்டில் கொட்டுகிறாள். ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது குடும்ப மரம், குழந்தைப் பருவப் படம் கேட்கும் வீட்டுப்பாடங்களை. அவளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். "உன்னைப் பார்த்துக்கொள்பவர்களை வரை", "எந்த வயதுப் படமானாலும் சரி" என்று எல்லாருக்குமே பாடத்தை மாற்றிவிடலாம். சாப்பாட்டை ஒளிப்பதற்கு என்ன வழி?

தாழை:
மூடியுள்ள ஒரு பெட்டி, கெடாத தின்பண்டம், அவள் அறையிலேயே, அவள் கைக்கெட்டும் உயரத்தில். தினமும் இரவில் அவள் பார்க்கவே நிரப்ப வேண்டும். அலமாரிக்குப் பூட்டுப் போட்டால் ஒளிப்பது கூடும். முதலில் கொஞ்ச நாள் பெட்டியையே காலி செய்வாள், சாப்பாட்டு நேரத்தில் தட்டைத் தொடமாட்டாள். பெற்றோர் பயந்துபோய்ப் பெட்டியை எடுத்துவிடுவது அப்போதுதான். எடுத்தால் "இதுவும் போகும்" என்று அவள் நினைத்தது உறுதியாகிவிடும். சண்டை போட்ட நாளிலும் பெட்டி நிரம்ப வேண்டும். அதைப் பரிசாகவோ தண்டனையாகவோ ஆக்கக் கூடாது.

மருதன் சாருக்கு: குற்றப்பட்டியலை அம்மா முந்தின நாளே போனில் சொல்லிவிட வேண்டும். பிள்ளை முன்னால் அதைப் பிரிக்கவே கூடாது.

மருதன்:
போன் யோசனை சரி. ஆனால் தனி அமர்வை விடமாட்டேன். நான்கு கூட்டு அமர்வுக்கு ஒன்று தனியாக வைக்கலாம். முதல் நாளே அம்மா எதிரிலேயே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்: "உனக்கு ஆபத்து என்றால் பெரியவர்களிடம் சொல்வேன். மற்றதை எப்போது சொல்வது, யார் சொல்வது என்று நீயும் நானும் பேசி முடிவெடுப்போம்."

தாழை:
அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. எப்போது என்பதை அவள் முடிவு செய்யட்டும். சொல்லாமலே இருக்கலாமா என்பதை 8 வயதுப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள்.