உதவி: பாய்மரத்தின் இரண்டு துண்டும் பிரியவில்லை, நாளை மறுநாள் கிளம்ப வேண்டும்

கேள்வி: காற்றுவாக்கில்

வணக்கம். பிரான்சின் துலூசிலிருந்து காரில் விண்ட்சர்ஃபிங் விடுமுறைக்கு வந்திருக்கிறோம். நான், மனைவி, மச்சான். போர்ச்சுகலின் வடபகுதியில் உள்ள வியானா தோ கஸ்டெலோவில் ஒரு வாரம், அப்புறம் ஓபிடோஸ் காயல், கடைசியில் கின்ஷோ கடற்கரை என்று திட்டம்.

சிக்கல் இதுதான். என் மாஸ்ட் (பாய்மரம்) 430 செ.மீ., ஒல்லி ரகம், இரண்டு துண்டு. லீமா ஆறு கடலில் சேரும் இடத்துக்குத் தெற்கே கபெடெலோ கடற்கரையில் நான்கு நாள் ஓட்டினோம். தினமும் கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு பாயை மட்டும் உருவிவிட்டு, மாஸ்ட்டைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் அப்படியே போட்டுவைத்தேன். இப்போது பிரிக்கப் பார்த்தால் அசையவே இல்லை. நான் ஒரு முனை, மச்சான் ஒரு முனை, கயிறு இழுக்கும் போட்டி மாதிரி இழுத்தோம். அவன் கை வழுக்கி மல்லாந்து விழுந்ததுதான் மிச்சம். பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன்காரர் கைதட்டினார்.

கார் நீளமே சுமார் 4 மீட்டர். கூரையில் ஏற்கெனவே இரண்டு பலகை. பிரிக்காமல் ஏற்றுவது சரிப்படாது. என்ன செய்யலாம்?

பதில்: வாடைக்காற்று

முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். இரண்டு பேர் நேராக இழுத்துப் பிரியாததை நான்கு பேர் இழுத்தும் பிரிக்க முடியாது. ஒரு கேள்வி: மாட்டும்போது இணைப்பை டேப் சுற்றி மூடினீர்களா? துண்டுகளைச் சொருகும் முன் கழுவினீர்களா?

பதில்: சுத்தியல் சுந்தரம்

காரின் கொக்கியில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை மரத்தில் கட்டி மெதுவாக நகர்த்துங்கள். தோணி நங்கூரத்தையே அப்படி எடுத்திருக்கிறேன்.

பதில்: வாடைக்காற்று

அய்யோ, வேண்டாம் அண்ணா! நங்கூரம் இரும்பு, இது கார்பன் குழாய். கயிறு கட்டிய இடத்தில் நசுங்கினால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விழும். அப்புறம் கடலுக்குள் நடுவில் படாரென்று ஒடியும். வாடகைக்கு விடுகிறவர்கள்கூட இதைச் செய்வதில்லை.

கேள்வி கேட்டவர்: காற்றுவாக்கில்

டேப் சுற்றவில்லை. கழுவவும் இல்லை. மதியம் காற்று ஏறிவிட்டால் மணல் கணுக்காலில் ஊசி மாதிரி குத்தும், அந்த அவசரத்தில்தான் மாட்டினேன். வெந்நீர் ஊற்றிப் பார்க்கலாமா? கேம்பிங்கில் கெட்டில் இருக்கிறது. மச்சான் சமையல் எண்ணெய் விடலாம் என்கிறான்.

பதில்: பிரெஸ்ட் பாண்டியன்

எண்ணெய் வேண்டாம் தம்பி. இப்போது வந்தாலும், அடுத்த முறை அந்தப் பிசுக்கு மணலை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வெந்நீரைப் பற்றி எல்லோரும் ஒரு தவறான காரணம் சொல்வார்கள்: வெளிக்குழாய் சூட்டில் விரியுமாம். உலோகம் என்றால் சரி. கார்பன் சூட்டுக்கு விரிவதே இல்லை என்று சொல்லிவிடலாம். தண்ணீரால் கிடைக்கும் ஆதாயம் வேறு. இடுக்கில் மணலை இறுக்கிப் பிடித்திருப்பது காய்ந்த உப்பு, அதைக் கரைக்க வேண்டும். அதற்குக் கை பொறுக்கும் சூட்டில் நல்ல தண்ணீர் போதும். அடுப்பில் வாட்டுவது, சூடுகாற்று அடிப்பது எல்லாம் வேண்டாம், உள்ளே இருக்கிற பிசின் இளகிவிடும்.

இன்று இரவு இப்படிச் செய்யுங்கள். இணைப்பைச் சுற்றி ஒரு துண்டை நல்ல தண்ணீரில் நனைத்துக் கட்டுங்கள். காயக் காய ஊற்றுங்கள். காலையில் ஒரு மரக்கட்டையால், சுற்றிச் சுற்றி, தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போலத் தட்டுங்கள். மணல் கொஞ்சம் இடம் மாறும்.

அப்புறம் உங்களிடம் இரண்டு பூம் (மாஸ்ட்டில் மாட்டி, பாயைப் பிடித்து ஓட்டும் கைப்பிடிச் சட்டம்) இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்: காற்றுவாக்கில்

இருக்கிறது. என்னுடையது ஒன்று, மனைவியுடையது ஒன்று.

பதில்: பிரெஸ்ட் பாண்டியன்

அப்படியானால் வேலை பாதி முடிந்தது. இணைப்புக்கு ஒரு சாண் மேலே ஒன்று, ஒரு சாண் கீழே ஒன்று மாட்டுங்கள். ஒல்லி மாஸ்ட்டுக்கான இடைச்செருகலைப் போட மறக்காதீர்கள். பூமின் கிளாம்பு வழுக்கினால் பழைய வெட்சூட் (குளிர்நீரில் போடும் ரப்பர் உடை) துண்டை இடையில் வையுங்கள், அதற்காக நசுக்கி இறுக்க வேண்டாம். இரண்டு பூமும் திறந்த கத்தரிக்கோல் மாதிரி நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு பூமின் கடைசியைப் பிடித்துக் கத்தரியை மூடுங்கள். அப்புறம் திறங்கள். நெம்புகோல் நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல், அதனால் பலம் பார்க்க வேண்டியதில்லை. இழுக்காதீர்கள், முறுக்க மட்டும் செய்யுங்கள். ஒரு மில்லிமீட்டர் சுழன்றதும் இடுக்கில் தண்ணீர் விடுங்கள்.

காலையிலேயே செய்துவிடுங்கள். அங்கே கோடையில் அட்லாண்டிக்கில் அசோர்ஸ் தீவுகள் பக்கத்து உயர் அழுத்தமும், வெயிலில் காய்ந்த ஸ்பெயின் நிலத்தின் மேல் உண்டாகும் தாழ்வழுத்தமும் சேர்ந்துதான் நொர்ட்டாடா என்கிற வடகாற்று வீசுகிறது. நிலம் சூடேறினால்தான் அதற்கு வேகம். காலையில் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். இரண்டு மணிக்கு வெளியே வைத்துப் பிரித்தால் பிரித்த வாயிலேயே மறுபடி மணல் போகும்.

பதில்: நீலாங்கரை நாச்சி

தலைப்புக்குச் சம்பந்தமில்லாத சந்தேகம். ஆகஸ்டில் அங்கே தண்ணீர் எப்படி? எல்லோரும் முழு வெட்சூட் போட்டிருக்கிற படம்தான் பார்க்கிறேன்.

பதில்: வாடைக்காற்று

பெரும்பாலும் 17, 18 டிகிரி. அதே வடகாற்றுதான் காரணம். மேல்தண்ணீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது, அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறுகிறது. நல்ல காற்று அடித்த மறுநாள் இன்னும் நடுங்கும். சரி, மாஸ்ட் கதைக்கு வருவோம்.

கேள்வி கேட்டவர்: காற்றுவாக்கில் (மறுநாள்)

பிரிந்துவிட்டது!

ராத்திரி முழுக்கத் துண்டு கட்டிவைத்தோம். காலை எட்டு மணிக்குப் பூம் மாட்டி மூடினோம். முதல் மூன்று தடவை ஒன்றும் இல்லை. நான்காவதில் கரகரவென்று, உப்புத்தாளைத் தேய்க்கிற சத்தம். மனைவி இடுக்கில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். பத்து நிமிடத்தில் கையாலேயே சுழன்றது. உள்ளே நுழையும் பகுதியில் ஈர மணல் மாவு அப்பினதுபோல ஒட்டியிருந்தது, எல்லாம் சேர்த்து ஒரு ஸ்பூன்கூட வராது. அதற்கா இந்தப் பாடு!

பாண்டியன் அண்ணாவுக்கு நன்றி. ஜெர்மன்காரர் இந்த முறையும் கைதட்டினார். உள்பகுதியில் நீளவாக்கில் கீறல்கள் இருக்கின்றன. தேய்த்து வழவழப்பாக்கலாமா?

பதில்: பிரெஸ்ட் பாண்டியன்

தேய்க்காதீர்கள், இணைப்பு தளர்ந்துவிடும். தளர்ந்த இணைப்பு, சிக்கிய இணைப்பைவிட மோசம். நகத்தை ஓட்டிப் பாருங்கள். மேலோட்டமான கீறல் என்றால் விட்டுவிடலாம். குறுக்குவாட்டில் கோடு போல ஏதாவது தெரிந்தால் மட்டும் அந்த மாஸ்ட்டைக் கின்ஷோவுக்குக் கொண்டுபோகாதீர்கள், அங்கே கரையில் உடையும் அலை சும்மா விடாது. ஓபிடோஸில் காயல்தானே, அலை கிடையாது, அங்கே ஓட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் இரண்டு முனையையும் கழுவித் துடைத்துச் சொருகி, மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பை இணைப்பின் மேல் இரண்டு சுற்று சுற்றுங்கள். தினமும் பிரித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: காற்றுவாக்கில்

குறுக்குக்கோடு இல்லை. டேப் வாங்க மச்சான் போயிருக்கிறான். பூமை மாஸ்ட்டில் மாட்டியபடியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான், அதை இப்போது நான் கழற்ற வேண்டும்.