புதுப்பிப்பு: போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் நேரத்தை 8 மணி நேரம் பின்தங்கிக் காட்டியது (தீர்ந்தது)

பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. ஜாதகப் பதிவுச் செயலியில் காலை 9 மணிக்குச் சேர்த்த பதிவு நள்ளிரவு 1 மணி என்று தெரிந்ததே பிரச்சினை.

சர்வர் யூடிசி (உலகப் பொது நேரம், சிங்கப்பூரை விட 8 மணி நேரம் பின்னால்) நேரத்தில் ஓடுகிறது. பதிவு நேரம் சேமிக்கும் பத்தியோ (அட்டவணையின் நெடுவரிசை) நேர மண்டலம் இல்லாத 'டைம்ஸ்டாம்ப்' வகை. வகையையே மாற்றச் சொன்ன பதில்தான் வேலை செய்தது. பேக்கப் எடுத்த பிறகு, 'ஆல்டர் டேபிள்' கட்டளையில் பத்தியை நேர மண்டலத்தைக் கணக்கில் எடுக்கும் 'டைம்ஸ்டாம்ப்டிஇசட்' வகை ஆக்கி, 'யூசிங்' பகுதியில் பத்தியின் பெயருடன் 'அட் டைம் சோன் யூடிசி' கொடுக்க வேண்டும். அது முடியும்வரை அட்டவணை பூட்டியிருக்கும், ஆகவே ஆள் இல்லாத நேரத்தில் செய்வது நல்லது. அடுத்து 'ஆல்டர் டேட்டாபேஸ்' மூலம் டைம்சோனை 'ஏஷியா/சிங்கப்பூர்' என்று வைக்கணும். புது இணைப்புகளுக்குத்தான் இது பொருந்தும். பழைய இணைப்பிலேயே பார்த்தால் ஒன்றும் மாறியிருக்காது.

ஒவ்வொரு வினவலிலும் 8 மணி நேரம் கூட்டும் யோசனை வேண்டாம். ஓர் இடத்தில் விட்டுப்போனாலும் கணக்கு கெடும்.

பிறந்த நேரப் பத்தி வேறு கதை. அது ஆட்கள் கையால் தட்டிய சிங்கப்பூர் நேரம், எனவே அங்கே யூடிசிக்குப் பதில் 'ஏஷியா/சிங்கப்பூர்' போடணும். எதிர்பாராதது இதுதான்: 1975இல் பிறந்தவருக்கு, யூடிசியை விட எத்தனை மணி முன் என்று காட்டும் இடத்தில் +08 வராமல் +07:30 வந்தது. பிழை இல்லை. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 முதல்தான் +8; அதற்கு முன் ஏழரை. எப்போதும் 8 மணி நேர வித்தியாசம் என்று நிலையாக வைத்திருந்தால் அரை மணி தவறி, சிலருக்கு லக்னமே மாறியிருக்கும்.