சில்ட்ரன் ஆஃப் போடம் கலைந்தது எதனால்? பெயர் ஏன் பாடகரிடம் இல்லை?

கதிர்_ரிஃப்:

ஃபின்லாந்தின் மெட்டல் இசைக்குழு சில்ட்ரன் ஆஃப் போடம் பற்றி மூன்று சந்தேகம். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஒன்று, குழுவின் பாடகரும் அலெக்சி லைஹோ, முதன்மைக் கிதாரும் அவர், பாடல்களில் பெரும்பகுதியும் அவருடையது. அப்படியிருக்க 2020இல் அவர் ஏன் ‘போடம் ஆஃப்டர் மிட்நைட்’ என்று வேறு பெயரில் தொடங்க வேண்டி வந்தது?

இரண்டு, சரிவு எங்கே ஆரம்பம்? 2003இல் இரண்டாவது கிதார் கலைஞர் போனதிலா, 2005 ஆல்பத்திலா, அதற்கும் பிறகா?

மூன்று, வாசிப்பு சம்பந்தப்பட்டது. அவர்களுடைய ‘ஹேட்ப்ரீடர்’ ஆல்பப் பாடல்களுக்காக ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும், அசையக்கூடிய பாலம்) உள்ள கிதாரில் சுருதியை இறக்கினால் பிரிட்ஜ் கிதாரின் உடம்புக்குள் அமுங்கிவிடுகிறது, தந்திகள் ஃப்ரெட்டில் இடித்துச் சத்தம் போடுகின்றன. போட்டிருப்பது 10–46 தந்திகள் (மெல்லியதிலிருந்து தடித்தது வரை, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன்). எங்கே தவறு?

வடதிசை_இரும்பு:

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல 2019இல் தொடங்கினால் பாதிதான் புரியும். 1997க்குப் போக வேண்டும், ஏனென்றால் இந்தக் குழு பிறந்ததே ஒரு பெயர்ச் சிக்கலில்தான்.

1993இல் எஸ்போ நகரில் லைஹோவும் டிரம்ஸ் வாசித்த யாஸ்கா ராட்டிகைனனும் சேர்ந்து தொடங்கியபோது பெயர் ‘இன்எர்த்ட்’. அப்போது லைஹோவுக்கு வயது 14. மூன்று டெமோக்கள் (மாதிரிப் பதிவுகள்) வெளியிட்டார்கள். 1995இல் அலெக்சாண்டர் குவப்பாலா இரண்டாவது கிதாருக்கும், அடுத்த வருடம் ஹென்க்கா செப்பாலா பேஸுக்கும் வந்தார்கள். பெல்ஜியத்தின் ஷிவர் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய லேபிளோடு (இசை வெளியீட்டு நிறுவனம்) ஒப்பந்தமும் போட்டாயிற்று. அந்த நேரத்தில்தான் ஹெல்சின்கியின் ஸ்பைன்ஃபார்ம் அவர்கள் பதிவைக் கேட்டு விருப்பம் தெரிவித்தது. உள்ளூர் லேபிள், நிபந்தனைகளும் மேல். ஆனால் கையெழுத்து ஏற்கெனவே வேறு இடத்தில். ஒப்பந்தம் கட்டிவைத்திருந்தது இன்எர்த்டை. அதனால் இன்எர்த்டைக் கலைத்துவிட்டுப் புதுக் குழுவாக எழுந்தார்கள். பெயர் தேடித் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டியபோது கிடைத்தது போடம் ஏரி. எஸ்போவிலேயே இருக்கும் ஏரி அது. 1960 ஜூன் 5 அதிகாலையில் அதன் கரையில் கூடாரம் போட்டிருந்த நான்கு இளைஞர்களில் மூவர் கொல்லப்பட்டார்கள், ஒருவர் மட்டும் பிழைத்தார். வழக்கு இன்றுவரை தீரவில்லை. ஃபின்லாந்தில் அந்த ஏரியின் பெயரைக் கேட்டதுமே யாருக்கும் அந்தக் கொலைகள்தான் நினைவுக்கு வரும், தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆக, அவர்கள் பெயரை உதறித்தான் மேலே வந்தார்கள். 22 வருடம் கழித்து அதே குழு பிரிந்தபோது, தூக்கிக்கொண்டு போக முடியாத சொத்தாக நின்றதும் பெயர்தான்.

2019 நவம்பர் தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது: ராட்டிகைனன், செப்பாலா, கீபோர்டு யன்னே விர்மன் மூவரும் விலகுகிறார்கள், டிசம்பர் 15 ஹெல்சின்கி ஐஸ் ஹால் கச்சேரிதான் இந்த அணிக்குக் கடைசி. ‘மூன்று பேர் போனால் என்ன, லைஹோ ஆள் மாற்றித் தொடர்வார்’ என்றுதான் பலரும் எண்ணினார்கள். ஆனால் சட்டப்படி ‘சில்ட்ரன் ஆஃப் போடம்’ என்ற பெயர் இருந்தது ‘ஏஏ அண்ட் செவிரா கன்சல்டிங்’ என்ற நிறுவனத்திடம். அதன் உரிமையாளர்கள் விலகிய அந்த மூவர். அவர்கள் சம்மதமில்லாமல் லைஹோ அந்தப் பெயரில் மேடை ஏற முடியவில்லை.

இங்கே பலர் குழப்பிக்கொள்வது இரண்டு உரிமைகளை. ஒரு பாடலை எழுதியவருக்கு அந்தப் பாடலின் மீது பதிப்புரிமை உண்டு. குழுவின் பெயர் அதில் சேராது. அது வணிகப் பெயர், யாரிடம் பதிவாகியிருக்கிறதோ அவருடையது. அதனால்தான் லைஹோ பழைய பாடல்களைத் தாராளமாக வாசிக்க முடிந்தது, சுவரொட்டியில் பழைய பெயரைப் போட முடியவில்லை. புதுப் பெயருக்கு அவர் எடுத்தது 2000 ஆல்பமான ‘ஃபாலோ தி ரீப்பர்’இல் உள்ள ஒரு பாட்டின் தலைப்பை. பெயர் கிடைக்காவிட்டாலும் ‘போடம்’ என்ற சொல் கூடவே வந்துவிட்டது. அருமையான தேர்வு.

கீ_சோலோ:

சரிவு பற்றிய கேள்விக்கு என் பக்கம். 2005தான் திருப்பம். அதைச் சரிவு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்தக் குழுவைத் தனியாகக் காட்டியது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். 1997இல் ‘சம்திங் வைல்ட்’ வரும்போது ஃபின்லாந்தில் மெலோடிக் டெத் மெட்டலும் இருந்தது, ஸ்ட்ராட்டோவாரியஸ் போன்ற குழுக்களின் வேகமும் மெலடியும் மிக்க பவர் மெட்டலும் இருந்தது. இவர்கள் இரண்டையும் ஒரே பாட்டில் பூட்டினார்கள். அடியில் டெத் மெட்டலின் உறுமும் குரலும் ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வரும் கிதார் வரி), மேலே ஹார்மானிக் மைனர் என்ற ஸ்வர வரிசையில் ஓடும் கிதாரும் கீபோர்டும். விர்மன் கீபோர்டைப் பின்னணிப் போர்வையாக வைக்கவில்லை, இரண்டாவது சோலோ கருவியாக வைத்தார். கிதார் நான்கு வரி பேசும், கீபோர்டு நான்கு வரி பதில் சொல்லும், கடைசியில் இரண்டும் ஒன்றாக ஒரே ஓட்டம். இதைச் சாதிக்க இரண்டு பேர் ஸ்வரத்தைத் தொடும் கணமும் துல்லியமாக ஒரே நேரத்தில் விழ வேண்டும், இல்லாவிட்டால் கூழாகிவிடும். ‘ஹேட்ப்ரீடர்’ 1999, ‘ஃபாலோ தி ரீப்பர்’ 2000, இரண்டும் இந்த முறையின் உச்சம். பின்னதை ஸ்வீடனில் அபிஸ் ஸ்டுடியோவில் பேட்டர் டெக்ட்கிரன் பதிவு செய்தார். அதுவரை லப்பேன்ரன்டாவின் அஸ்டியா ஸ்டுடியோவில் வந்த சத்தத்தோடு ஒப்பிட்டால் டிரம்ஸும் கிதாரும் எவ்வளவு பிரிந்து கேட்கின்றன என்பது புரியும்.

2003 ஜனவரியில் ‘ஹேட் க்ரூ டெத்ரோல்’. மறுபடி அஸ்டியா. ஃபின்லாந்தின் ஆல்பப் பட்டியலில் முதலிடம். ரிஃப் கனமானது, கீபோர்டு ஓரடி பின்னால் போனது. அதே வருடம் சுற்றுப்பயணங்களுக்கு நடுவே குவப்பாலா விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் ரோப்பே லாட்வாலா, 80களில் ‘ஸ்டோன்’ என்ற ஃபின்னிஷ் த்ராஷ் குழுவில் பேர்பெற்ற கிதார் கலைஞர். திறமையில் குறைவே இல்லை.

2005 ‘ஆர் யூ டெட் யெட்?’ இல் இசை மாறியது நிஜம். சுருதி கீழே, ரிஃப் எளிமை, தாளம் மேடைக்கு ஏற்றது. பழைய ரசிகர்கள் பலர் அங்கேயே கோபித்துக்கொண்டார்கள். ஆனால் சந்தை என்ன சொன்னது? 2008 ‘பிளட்ட்ரங்க்’ அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 22ஆம் இடம். டெத் மெட்டல் குரலில் பாடும் ஒரு ஃபின்னிஷ் குழுவுக்கு அது சின்ன விஷயமில்லை. அடுத்த ‘ரிலென்ட்லெஸ் ரெக்லெஸ் ஃபாரெவர்’ 2011இல் 42ஆம் இடம். 2013 ‘ஹேலோ ஆஃப் பிளட்’ இல் வேகமும் மெலடியும் திரும்பி வந்தன. தலைப்புப் பாடலின் பிளாஸ்ட் பீட்டை (டிரம்ஸின் அதிவேக அடி) கேட்டுவிட்டு ‘இவர்கள் தீர்ந்துவிட்டார்கள்’ என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன்.

ஆறாம்_தந்தி:

மூன்றாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

‘ஹேட்ப்ரீடர்’ காலப் பாடல்கள் டி ஸ்டாண்டர்ட். ஆறு தந்தியையும் ஒரு கட்டை, அதாவது இரண்டு ஃப்ரெட் அளவு இறக்க வேண்டும்: தடித்த தந்தியிலிருந்து டி, ஜி, சி, எஃப், ஏ, டி. ‘ஆர் யூ டெட் யெட்?’ தலைப்புப் பாடல் போன்றவற்றுக்கு ட்ராப் சி: மேலே சொன்னதில் ஆறாவது தந்தி மட்டும் டியிலிருந்து சிக்கு இறங்கும்.

உங்கள் சிக்கலுக்குக் காரணம் எளிது. ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் இரண்டு தூண்களின் விளிம்பில் தராசு போல நிற்கிறது. முன்பக்கம் தந்திகள் இழுக்கும், பின்பக்கம் ஸ்பிரிங்குகள் இழுக்கும். சுருதியை ஒரு கட்டை இறக்கினால் தந்திகளின் இழுவிசை சுமார் 20 சதவீதம் குறையும். ஸ்பிரிங் அதே வலுவில் இருப்பதால் அது ஜெயிக்கும். பிரிட்ஜ் உள்ளே சாயும், தந்தி உயரம் குறையும், ஃப்ரெட்டில் இடிக்கும்.

சரியான தீர்வு தந்தியை மாற்றுவது. ஒரு கட்டை இறக்கும்போது பழைய இழுவிசை வேண்டுமென்றால் தடிமனைச் சுமார் 1.12 மடங்கு கூட்ட வேண்டும். 10 என்பது 11.2 ஆகும், 46 என்பது 51.6 ஆகும். அதாவது 11–52 செட். ட்ராப் சியும் வாசிப்பீர்கள் என்றால் ஆறாவதை மட்டும் 54 அல்லது 56 ஆக வைத்தால் தொளதொளக்காது.

மாற்றும்போது பிரிட்ஜுக்கு அடியில், உடம்புக்கு இடையே மரத்துண்டோ மடித்த அட்டையோ வைத்து, பிரிட்ஜ் தட்டு கிதாரின் முகப்புக்கு இணையாக நிற்கும்படி முட்டுக்கொடுங்கள். நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் படியும் கட்டை) உள்ள பூட்டுகளைக் கழற்றுங்கள். பிரிட்ஜில் உள்ள ஃபைன் ட்யூனர் (சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் திருகு) ஆறையும் நடு நிலைக்குக் கொண்டுவாருங்கள், இதை மறந்தால் கடைசியில் திருக இடமிருக்காது. தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றி டி ஸ்டாண்டர்டுக்கு ஏற்றுங்கள். பிறகு முட்டுக்கொடுத்த துண்டை எடுங்கள். தட்டு உள்ளே சாய்ந்தால் பின்பக்கக் குழியில் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு நீள ஸ்க்ரூக்களையும் கால் சுற்று தளர்த்துங்கள், வெளியே தூக்கினால் கால் சுற்று இறுக்குங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஆறு தந்தியையும் மறுபடி சுருதி சேர்த்த பிறகே அடுத்த கால் சுற்று. அவசரப்பட்டு முழுச் சுற்று திருகுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இணையாக நின்றதும் நட்டைப் பூட்டுங்கள். பூட்டும்போது சுருதி லேசாக ஏறும், அதை ஃபைன் ட்யூனரில் சரிசெய்யலாம். கடைசியாக 12ஆம் ஃப்ரெட்டில் இன்டொனேஷன், அதாவது ஃப்ரெட்டில் அழுத்தினாலும் சுருதி சரியாக வருகிறதா என்று பார்த்துச் சரிசெய்வது.

பாட்டுக்கு நடுவே டியிலிருந்து ட்ராப் சிக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். ஃபைன் ட்யூனரில் அவ்வளவு தூரம் இறக்க முடியாது. நட்டைக் கழற்றி இறக்கினாலும் ஒரு தந்தியின் இழுவிசை குறைந்ததும் பிரிட்ஜ் பின்னால் சாயும், மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும். இரண்டு கிதார் வைத்துக்கொள்வதே வழி.

சத்தத்துக்கு ஒரு குறிப்பு: லைஹோவின் ஈஎஸ்பி நிறுவனக் கிதாரில் பிரிட்ஜ் பக்கம் ஒரே ஒரு ஹம்பக்கர் (தந்தி அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்) தான், கூடவே மிட், அதாவது நடு அதிர்வெண் பகுதியைத் தூக்கும் பூஸ்ட் சர்க்யூட். கெயினைக் கூட்டுவதைவிட மிட்டைக் கூட்டினால்தான் அந்த ஓட்டங்கள் கீபோர்டுக்கு நடுவிலும் தெளியும்.

வடதிசை_இரும்பு:

கீ_சோலோ சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். பட்டியல் இடங்களை மட்டும் வைத்து நிலைமையை அளக்க முடியாது. 2015இல் லாட்வாலாவும் போனார். ‘ஐ வர்ஷிப் கேயாஸ்’ நான்கு பேராகப் பதிவானது, எல்லாக் கிதாரும் லைஹோ. 2016இல் டேனியல் ஃப்ரேபெர்க் இரண்டாவது கிதாருக்கு வந்தார், 2019 மார்ச்சில் ‘ஹெக்ஸ்ட்’ ஆல்பம், டிசம்பரில் கடைசிக் கச்சேரி. இசை ஓய்ந்ததால் உடைந்த குழு இல்லை இது. முதல் ஆல்பத்திலிருந்தே கூட நின்ற மூவர் சேர்ந்து எழுந்துபோனதால் உடைந்தது.

லைஹோவும் ஃப்ரேபெர்க்கும் தொடங்கிய புதுக் குழு 2020 அக்டோபரில் ஃபின்லாந்தில் சில கச்சேரிகள் செய்தது. 2020 டிசம்பர் 29 அன்று ஹெல்சின்கியில் தன் வீட்டில் லைஹோ இறந்தார், வயது 41. நீண்டகால மதுப் பழக்கத்தால் கல்லீரலும் கணையமும் சிதைந்ததே காரணம் என்று பின்னர் வெளியானது. பதிவு முடித்திருந்த மூன்று பாடல்கள் ‘பெயின்ட் தி ஸ்கை வித் பிளட்’ என்ற பெயரில் 2021 ஏப்ரலில் வந்தன. 1999இன் வேகம் அதில் இருக்கிறது. கேட்கும்போது மனம் கனத்துவிடும்.

கதிர்_ரிஃப்:

மிக்க நன்றி நண்பர்களே. 11–52 போட்டுச் சரிசெய்கிறேன். கடைசியாக ஒன்று: பெயர் அந்த மூவரிடம் இருந்ததே, அவர்கள் அதே பெயரில் தொடர்ந்தார்களா?

கீ_சோலோ:

இல்லை. புது ஆள் வைத்து அந்தப் பெயரில் அவர்கள் குழுவைத் தொடரவில்லை. அந்தப் பெயரில் பிறகு வந்தது 2019 டிசம்பர் 15 கச்சேரியின் நேரடிப் பதிவு, சரியாக நான்கு வருடம் கழித்து 2023 டிசம்பரில். விர்மன் தன் பழைய குழுவான ‘வார்மன்’ஐ மறுபடி எடுத்து, என்சிஃபெரம் என்ற ஃபின்னிஷ் மெட்டல் குழுவின் பாடகர் பெட்ரி லிண்ட்ரோஸைக் குரலுக்கு வைத்து 2023இல் ‘ஹியர் ஃபார் நன்’ வெளியிட்டார். கிதாரும் கீபோர்டும் மாறிமாறிப் பேசுவதை இன்னும் கேட்க வேண்டுமென்றால் அதிலிருந்து தொடங்குங்கள்.