வலியில்லாத வெள்ளி அடைப்பை அகற்றிவிடலாமா?

கேள்வி (கொடைக்கானல்):
எனக்கும் கருவுற்றிருக்கும் என் மகளுக்கும் கடைவாய்ப் பற்களில் பழைய வெள்ளி அடைப்புகள் உள்ளன. வலியோ கூச்சமோ கிடையாது. ஆனால் அந்தக் கலவையில் ஏறத்தாழப் பாதி பாதரசம் என்று அறிந்தது முதல் மனம் நிலைகொள்ளவில்லை. 2001இல் மூடப்பட்ட எங்கள் ஊர் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு அருகிலுள்ள பாம்பார் சோலைக் காடு வரை சென்றதைக் கண்ட ஊர்க்காரர்களுக்குப் பாதரசம் என்றாலே அச்சம்தான். இருவருக்கும் அவற்றை எடுத்துவிட்டுப் பல் நிறத்தில் அடைத்துக்கொள்ளலாமா?

பதில் (பல் மருத்துவர், பழநி):
அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆயினும் இப்போது எடுக்க வேண்டாம். மகளுக்குக் கட்டாயம் வேண்டாம். வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றோடு பாதரசம் பிணைந்து இறுகிவிடுவதால், மெல்லும்போது வெளிவரும் ஆவி மிகக் குறைவு. அடைப்பைக் குடைந்தெடுக்கும் நேரத்தில்தான் அது கூடுகிறது. அதனால்தான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், கருவுற்றோர், பாலூட்டுவோர், சிறுவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளோர் போன்றோருக்குப் புதிதாக இதை வைப்பதைத் தவிர்க்கச் சொன்ன 2020ஆம் ஆண்டின் அதே அறிவிப்பில், நல்ல நிலையிலுள்ள அடைப்பை மருத்துவத் தேவையின்றி அகற்ற வேண்டாம் என்றும் கூறியது. விரிசல், ஓரத்தில் இடைவெளி, அடியில் புதிய சொத்தை, பாதரச ஒவ்வாமை ஆகியவை இருந்தால் மாற்றலாம். ஒவ்வொரு முறை குடையும்போதும் நல்ல பல்லும் சிறிது போய்விடுகிறது. இதை மருத்துவர்களாகிய நாங்கள் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

பதில் (குன்னூர்):
எனக்கு அடைப்பு உடைந்துவிட்டதால் மாற்ற நேர்ந்தது. பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்புக் கட்டி, தண்ணீரைப் பீய்ச்சியபடி, வேகமாக உறிஞ்சும் குழாயை அருகில் பிடித்து, பொடியாக்காமல் பெரிய துண்டுகளாக எடுத்தார்கள். இவ்வாறு செய்வார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். எடுத்த துண்டுகளை மூடிய கலத்தில் சேர்க்கிறார்களா என்பதையும் கேளுங்கள், ஏனெனில் மலையில் தொட்டியில் கழுவி விடுவது கடைசியில் ஓடையில்தான் சேரும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் பேரக்குழந்தைகளுக்குச் சொத்தை வந்தால் எதைக் கொண்டு அடைப்பது?

பதில் (பல் மருத்துவர், பழநி):
பால் பற்களுக்கும் 15 வயதுக்கு உட்பட்டோருக்கும் வெள்ளி அடைப்பைத் தவிர்க்குமாறு, பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையில் 2022இல் முடிவு செய்யப்பட்டது. பால் பற்களுக்குக் கிளாஸ் அயனோமர் எனும் பல் நிறச் சிமெண்ட் பெரும்பாலும் போதும். நிலைத்த பற்களுக்குக் கம்போசிட் எனும் பல் நிறப் பிசின் நன்று. ஆனால் அது ஒட்டும்வரை பல்லில் எச்சில் படக்கூடாது. உங்கள் அடைப்பின் ஓரங்களை அடுத்த பரிசோதனையில் பார்க்கச் சொல்லுங்கள்; மகளுக்கு எக்ஸ்ரேயைப் பேறுகாலத்துக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.