சுதந்திர தேவி சிறுசிலை: வெண்கலமா, துத்தநாகமா?

வணக்கம். போன வாரம் பாரிஸ் பழம்பொருள் சந்தையில் ஒரு சாண் உயரச் சுதந்திர தேவி சிலை வாங்கினேன். வெண்கலம் என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டில் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால், ஒரு கீறலுக்குள் துத்தநாகம் போலச் சாம்பல் நிறம் தெரிகிறது. வெண்கலம் என்றால் மஞ்சளாக அல்லவா மின்ன வேண்டும்? அன்றிலிருந்து மனசே சரியில்லை.

நியூயார்க்கில் பெரிய சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதாமல், 1885 வாக்கில் அதற்கு நிதி திரட்டிய அமெரிக்கக் குழு இதே உருவத்தின் சிறுசிலைகளை விற்றது. 6 அங்குலம் 1 டாலர், 12 அங்குலம் 5 டாலர். என்னுடையது 9 அங்குலம், இரண்டிலும் சேரவில்லை. அடியில் பெரிய சிலையை வடிவமைத்த பிரெஞ்சுச் சிற்பி பார்த்தோல்டியின் பெயர் இருக்கிறது, ஆனால் எழுத்து மழுங்கிப்போயிருக்கிறது. அசல் சிறுசிலை ஒன்றிலிருந்து அச்செடுத்து வார்த்த நகலாக இருக்குமோ? காலடியில் அறுந்து கிடக்கும் சங்கிலியை மட்டும் அவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

வார்ப்பு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: மேலும் சுரண்டாமல் உலோகத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா? எடையையும் கன அளவையும் வைத்து அடர்த்தி பார்த்தால் போதுமா? உள்ளே கூடாக இருப்பதால் குழப்பமாக இருக்கிறது. மடிப்புகளில் பச்சைக் களிம்பு உண்டு. பக்கத்து வீட்டு அக்கா புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். எனக்குக் கை வரவில்லை. அடிப்பாகம், கையெழுத்து இரண்டின் படங்களும் கீழே போட்டிருக்கிறேன்.