மெடிசின் ஹேட்டில் ஒரு நாள்: டீப்பியைத் தவிர என்ன பார்க்கலாம்?

வழிப்போக்கன்:

செப்டம்பர் கடைசி வாரம் கனடாவில் கால்கரியிலிருந்து ரெஜைனாவுக்கு ஹைவே 1-ல் காரில் போகிறோம். நடுவில் மெடிசின் ஹேட்டில் ஓர் இரவு தங்கல். மறுநாள் மாலை வரை நேரம் இருக்கிறது. கூட வருவது அதிகம் நடக்க முடியாத அம்மாவும் பதினோரு வயதுப் பையனும்.

தேடினால் எல்லாரும் போடுவது அந்த இரும்பு டீப்பி (பூர்வகுடிகளின் கூம்புக் கூடார வடிவச் சட்டம்) படத்தைத்தான். அதற்கு மேல் ஊரைப் பற்றி உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று விஷயம் தெரிய வேண்டும்:

1. டீப்பி இறங்கிப் பார்க்கும் அளவுக்கு இருக்கிறதா, காரிலிருந்தே பார்த்தால் போதுமா?
2. "கேஸ் சிட்டி" என்று எதற்குச் சொல்கிறார்கள்?
3. மெடால்டா பானைத் தொழிற்சாலை அரை நாள் செலவழிக்கத் தகுமா? அந்தப் பழைய மெடால்டா ஜாடி ஒன்று வாங்கினால் ஊறுகாய் போட உதவுமா, அலமாரியில் வைக்கத்தானா?

சுடுமண்:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால்தான் மற்றதெல்லாம் ஏன் அங்கே இருக்கிறது என்று புரியும்.

1883-ல் கனடியன் பசிபிக் ரயில்வே அந்தப் பக்கம் தண்டவாளம் போட்டது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். ஊருக்கு வடமேற்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி லாங்கெவின் என்ற இடத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார்கள். வந்தது தண்ணீர் இல்லை, கேஸ், அதாவது இயற்கை எரிவாயு. அது பற்றிக்கொண்டு துளையிடும் கூடமே எரிந்துபோனது. பிறகு ஊருக்குள்ளேயே தோண்டினார்கள், அங்கேயும் கிடைத்தது. 1904-ல் சுமார் 300 மீட்டர் ஆழத்தில் பெரிய படிவம் அகப்பட்டது. பெட்ரோலியத் தொழில் கணக்கில் அது அதிக ஆழமில்லாத கேஸ்தான், எடுக்கச் செலவு குறைவு. ஊராட்சியே கிணறும் குழாயும் வைத்து விற்க ஆரம்பித்தது. தெருவிளக்கைப் பகலில் அணைக்க ஆள் வைப்பதைவிட எரியவிடுவதே மலிவு என்று 24 மணி நேரமும் எரியவிட்ட ஊர் அது. 1907-ல் வந்த ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங், ஊரின் அடித்தளமே நரகம் என்று சொன்னது இந்தக் கேஸை வைத்துத்தான். 1910-ல் ஊர்ப் பெயரை மாற்றலாமா என்று பேச்சு வந்தபோது, மாற்றாதீர்கள் என்று கடிதம் எழுதியதும் அவரே.

மலிவான கேஸ், ரயில் பாதை, பக்கத்தில் களிமண். மூன்றும் சேர்ந்தால் சூளை வராமல் இருக்குமா? செங்கல், ஓடு, வடிகால் குழாய், ஜாடி என்று வரிசையாக வந்தன. மெடால்டா அதில் ஒன்று. 1912-ல் வேரூன்றி 1954-ல் மூடியது, இப்போது அருங்காட்சியகம். 1937-ல் தொடங்கிய இன்னொரு ஆலை, பிற்பாடு ஹைக்ராஃப்ட் என்று பெயர் பெற்றது, அதே மண்பாண்டத் தொழிற்பேட்டைக்குள்தான் இருக்கிறது. ஒரு சின்ன விவரம்: உள்ளூர் மண் செங்கலுக்குச் சரி, நல்ல ஜாடிக்குப் போதாது. ஜாடி மண் சஸ்காச்சுவானின் ஈஸ்ட்எண்ட் பக்கத்திலிருந்து ரயிலில் வந்தது. கேஸை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோக முடியாது, மண்ணை ஏற்றலாம். அதனால் மண் கேஸைத் தேடி வந்தது.

அரை நாள் தாராளமாகத் தகும். பையனைத் தேன்கூடு வடிவ வட்டச் சூளைக்குள் அழைத்துப் போங்கள். உள்ளே நின்று மூன்று இடங்களைக் காட்டுங்கள்:

சுவரைச் சுற்றி இருக்கும் நெருப்பு வாய்கள். கேஸ் அங்கே எரியும். வாய்க்கு முன்னால் இருக்கும் குட்டைச் சுவர், தீ நேராகப் பாத்திரத்தில் அடிக்காமல் மேலே திருப்பிவிடும்.

தலைக்கு மேல் குவிமாடம். ஏறிய சூடு அதில் முட்டி, திரும்பிக் கீழே இறங்கும்.

தரையில் உள்ள துளைகள். புகை போவது இதன் வழியாகத்தான். தரைக்கடியில் ஓடும் சுரங்கம், வெளியே நிற்கும் புகைபோக்கியோடு சேர்கிறது. சூடு மேலிருந்து கீழே பாத்திரங்களுக்கு நடுவே இறங்குவதால் அடுக்கின் உச்சியும் அடியும் ஏறத்தாழ ஒரே பதத்தில் வேகும்.

வெளியே வந்ததும் சூளையைச் சுற்றியிருக்கும் இரும்புப் பட்டைகளைப் பாருங்கள். 1200 டிகிரிக்கு மேல் போகும்போது செங்கல் விரியும். பட்டை இல்லையென்றால் சுவர் பிளந்துவிடும். ஒவ்வொரு முறையும் வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, சுட்டு முடிந்ததும் உடைத்துத் திறப்பார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் மொத்தச் சரக்கும் போகும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென்று சுருங்கும். அந்த நேரம் குளிர்காற்று பட்டால் ஜாடி குறுக்கே விரிசல் விடும். சுடுவதில் பாதித் திறமை ஆறவிடுவதில் இருக்கிறது.

ஜாடி விஷயம் இரவு எழுதுகிறேன்.

செம்பருந்து:

டீப்பி பற்றி ஒரு திருத்தம் முதலில். பலரும் அது அங்கேயே கட்டியது என்று நினைக்கிறார்கள். அது 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காகக் கால்கரியில் நிறுத்தியது. 1991 வாக்கில்தான் மெடிசின் ஹேட்டுக்கு வந்தது. முதலில் 215 அடி, அதாவது சுமார் 65 மீட்டர். 2007 ஜனவரிப் புயலில் உச்சி சேதமாகி, பழுது பார்த்ததில் ஏறக்குறைய 15 அடி குறைந்துவிட்டது. இன்னமும் பழைய உயரத்தையே எழுதும் பலகைகளும் தளங்களும் உண்டு.

இறங்கிப் பாருங்கள், ஆனால் படம் எடுக்க அல்ல. துணி போர்த்தாத எஃகுச் சட்டம் அது. உள்ளே போய் நின்றால் கம்பங்களில் வட்ட வட்டமாகப் பூர்வகுடிகளின் வரலாற்று ஓவியங்கள் தெரியும். ஹைவேயில் போகும்போது இது ஒன்றும் கண்ணில் படாது. கார் நிறுத்தும் இடம் பக்கத்திலேயே. அம்மாவுக்குச் சிரமம் இருக்காது.

அதன் கீழே இறங்கும் பள்ளத்தாக்குதான் உண்மையான இடம். செவன் பெர்சன்ஸ் ஓடை அரித்த பள்ளம், இங்கே அதை 'கூலி' (coulee) என்பார்கள். சாமிஸ் தொல்லியல் களம் அங்கே இருக்கிறது. ஐரோப்பியர் வருவதற்கு முன் காட்டெருமையை வெட்டி, எலும்பிலிருந்து கொழுப்பு எடுத்த முகாம். சாமிஸ் என்பது பிளாக்ஃபுட் பூர்வகுடிகளின் சொல், கழுகின் வால் இறகால் ஆன தலையணி. ஊர்ப் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

அம்மாவை மேலேயே உட்காரவைத்துவிட்டு நீங்களும் பையனும் இறங்குவதானால் இதைக் கவனியுங்கள். செப்டம்பர் கடைசி, ரேட்டில் பாம்புகள் (வாலைக் கிலுக்கும் விஷப் பாம்புகள்) குளிர்காலப் பொந்துக்குத் திரும்பும் சமயம். வெயில் அடித்த மதியத்தில் பாதையிலேயே வந்து படுக்கும். மூடிய காலணி போடுங்கள், பாதையை விட்டு விலகாதீர்கள், பாறை இடுக்கில் கை வைக்காதீர்கள். காதில் ஹெட்போன் வேண்டாம், அது கிலுக்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் அப்படியே நின்று, எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பின்வாங்குங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, அசையாமல் இருந்து அவசர எண் 911-ஐ அழையுங்கள். பெரிய மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. பாம்பைவிட அதிகம் மாட்டுவது சப்பாத்திக் கள்ளி. புல்லுக்குள் தரையோடு தரையாகக் கிடக்கும், கான்வாஸ் ஷூவைத் துளைத்துவிடும்.

வழிப்போக்கன்:

இருவருக்கும் நன்றி. பாம்பைப் படித்ததும் பையன் "கட்டாயம் இறங்கணும்" என்கிறான், அம்மா "வேண்டவே வேண்டாம்" என்கிறார். காலை மெடால்டா என்று முடிவு. மதியத்துக்குப் பிறகு சைப்ரஸ் ஹில்ஸ் போகலாமா, ஊருக்குள்ளேயே இருக்கலாமா?

சுடுமண்:

முதலில் ஜாடி. ஜாடியின் மேல் இருக்கும் எண் அது எத்தனை கேலன் பிடிக்கும் என்பது. அது கனடாவின் பழைய இம்பீரியல் கேலன், ஒன்று 4.5 லிட்டர் சொச்சம். 2 என்று இருந்தால் 9 லிட்டர் பிடிக்கும். மெடால்டா முத்திரை இருப்பதால் மட்டும் அது 1954-க்கு முந்தியது ஆகிவிடாது, அந்தப் பெயரில் அருங்காட்சியகத்திலேயே புதிதாகவும் செய்து விற்கிறார்கள். ஊறுகாய்க்கு என்றால் புதியதையே வாங்குங்கள் என்பது என் கருத்து.

பழையதுதான் வேண்டும் என்றால்: விரல் முட்டியால் தட்டுங்கள். மணி போல் ஒலித்தால் நல்லது. 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு நாள் வையுங்கள், ஈரம் ஊறக்கூடாது. உள்பக்கப் பளபளப்பில் வலைபோல் கோடு இருந்தால் உப்பும் புளிப்பும் உள்ளே இறங்கி, வெளியே வெள்ளையாகப் பூக்கும். அது அலமாரிக்கு. வண்ணம் பூசிய பழைய பாத்திரங்களில் ஈயம் இருக்கக்கூடும், அவற்றில் புளிப்பான எதையும் வைக்க வேண்டாம். கொதிநீர் ஊற்றாதீர்கள். குளிர்காலத்தில் தண்ணீரோடு கார் டிக்கியில் விட்டால் உறைந்து வெடிக்கும்.

மதியத்துக்கு ஊருக்குள்ளேயே இருங்கள் என்பேன். ஜேம்ஸ் மார்ஷல் என்ற சிற்பி செய்த செங்கல் புடைப்புச் சித்திரங்கள் ஊரில் பல சுவர்களில் இருக்கின்றன. சுட்ட செங்கலில் செதுக்கியது இல்லை. பச்சைச் செங்கலைச் சுவராக அடுக்கி, செதுக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பிரித்து, உலர்த்திச் சுட்டு, மறுபடி கட்டியவை. காய்ந்து சுடும்போது மண் பத்தில் ஒரு பங்குவரை சுருங்கும் என்பதால் முதலிலேயே பெரிதாகச் செதுக்க வேண்டும். பக்கத்தில் போனால் ஒரு முகத்தின் குறுக்கே சாந்துக் கோடு ஓடுவது தெரியும், நாலு எட்டு பின்னால் வந்தால் கோடு மறைந்து முகம் மட்டும் நிற்கும். நடையும் அதிகம் இல்லை.

கோதுமைக்காரன்:

சைப்ரஸ் ஹில்ஸ் போவதானால் கணக்கு இது: ஹைவே 1-ல் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர், பிறகு 41-ல் தெற்கே ஏறக்குறைய 35, எல்க்வாட்டர் ஏரி. ரெஜைனா திசைதான், ஆனால் திரும்ப ஹைவேக்கு வர அந்த 35-ஐ மறுபடி ஓட்ட வேண்டும். உச்சி 1,466 மீட்டர், சுற்றியுள்ள சமவெளியைவிடப் பல நூறு மீட்டர் உயரம். கீழே டி-ஷர்ட் வெயில் என்றாலும் மேலே ஸ்வெட்டர் வேண்டும். ஏரியோரம் அம்மா உட்கார நல்ல இடம். கிளம்பும் முன் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். கிழக்கே அடுத்த பெரிய ஊர் ஸ்விஃப்ட் கரென்ட், சுமார் 225 கிலோமீட்டர்.

முதல் நாள் மாலை சும்மா இருந்தால் ஹாக்கி அட்டவணையைப் பாருங்கள், செப்டம்பர் கடைசியில் சீசன் தொடங்கியிருக்கும். ஊரின் ஜூனியர் ஹாக்கி அணி மெடிசின் ஹேட் டைகர்ஸ் 1970 முதல் ஆடுகிறது, 1987, 1988 இரண்டு வருடமும் மெமோரியல் கப் (கனடா ஜூனியர் ஹாக்கியின் கோப்பை) வென்றது, 2025-ல் மேற்கு ஹாக்கி லீக் சாம்பியன். ஆடுகளம் கோ-ஆப் பிளேஸ், ஊரின் வடமேற்கில். நகர மையத்தில் தேடி அலையாதீர்கள், அங்கே இருந்தது பழைய அரங்கம்.

கேஸ் கதையில் ஒன்று விட்டுப்போனது. கேஸ் இன்னும் பழங்கதை ஆகிவிடவில்லை. உர ஆலை, மெத்தனால் ஆலை இரண்டுக்கும் மூலப்பொருளே அதுதான். பக்கத்து ரெட்கிளிஃப்பில் கண்ணாடிக் குடில்கள் நிறைந்திருப்பதற்கும் வெயிலோடு கேஸ்தான் காரணம். மின்சாரமும் நகராட்சியின் சொந்த உற்பத்தி. ஆல்பர்ட்டாவில் மற்ற ஊர்களில் மின் விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கலாம், இங்கே அந்தத் தேர்வு கிடையாது. கரண்ட், கேஸ், தண்ணீர், குப்பை எல்லாம் ஒரே பில்லில் வரும். ஆனால் பழைய கிணறுகளில் வரத்து குறைந்து, 2019-ல் பெரும்பாலானவற்றை மூடுவதென்று நகராட்சி அறிவித்தது. அதனால் "அடியில் கேஸ், மேலே இலவசம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

செம்பருந்து:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்க்வாட்டர் போவதானால் 41-ல் அந்தி நேரத்தில் மெதுவாக ஓட்டுங்கள், மான் குறுக்கே வரும். ஒன்று தாண்டினால் பின்னாலேயே இரண்டாவது வரும், அதைத்தான் பலர் இடிக்கிறார்கள்.