12 ஊரைக் கேட்டால் போதுமா?

வரப்போரம்: "சுரங்கத்துக்கும் நிலம் எடுக்கவும் கேட்கும் ஊர் ஒப்புதல் என்பதே இன்னொரு லஞ்ச வாசல், தலைவரைக் கவனித்தால் வேலை முடிந்தது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கம் வேண்டுமா என்று முடிவெடுக்க, உச்ச நீதிமன்றம் சொல்லி 2013-ல் 12 ஊர் சபைகள் கூடின. மாவட்ட நீதிபதி பார்வையாளர். அந்த மலையின் பழங்குடிகளான டோங்ரியா கோந்து மக்கள் எழுந்து பேசினார்கள். 12 ஊரும் வேண்டாம் என்றன. எந்தத் தலைவரைக் கவனித்து மாற்ற முடிந்தது?

கணக்குப்பிள்ளை: எழுதியது நான்தான். அந்த மலையில் நூற்றுக்கும் மேல் ஊர்கள். 12 மட்டும் ஏன்? பொறுக்கியது யார்?

வரப்போரம்: மாநில அரசு. சுரங்கம் வேண்டும் என்று நின்ற அதே அரசு. தாங்களே பொறுக்கிய 12-லும் தோற்றார்கள். 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் அனுமதி மறுத்தது.

கணக்குப்பிள்ளை: ஆக, பொறுக்க முடியும்! அதைத்தான் நானும் சொல்கிறேன்.

செம்மண்: சட்டத்தையும் பாருங்கள். 2013 நிலம் எடுப்புச் சட்டத்தில் தனியார் கம்பெனிக்கு நிலம் இழக்கும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும், அரசு-தனியார் கூட்டுக்கு 70. நிலமில்லாத கூலிக்காரர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

வரப்போரம்: அது வேறு பேச்சு தம்பி.

கணக்குப்பிள்ளை: எங்கள் ஊரில் தீர்மானப் புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்து வாங்கினார்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் வரிசையில் நின்று போட்டார்கள். என் அம்மாவின் கைநாட்டும் அதில் இருக்கிறது. மேலே என்ன எழுதினார்கள் என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இதுதான் உங்கள் ஒப்புதல்.

வரப்போரம்: நியமகிரியில் நீதிபதி உட்கார்ந்திருந்தார். உங்கள் ஊரில் யார் உட்கார்ந்திருந்தது? கேட்காமல் வீட்டுக்குப் போனது யார்?

கணக்குப்பிள்ளை: என் அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். முன்பு இங்கே நடந்த ஏரி மண் விவாதத்தில் பாதியில் ஓடியவர் நீங்கள்.

வரப்போரம்: அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அன்றைக்கே சொன்னேன். உங்களுக்குத்தான் அடுத்தவர் எழுதுவதைப் படிக்கும் வழக்கம் கிடையாதே.

செம்மண்: கூலிக்காரர் கணக்கு?

கணக்குப்பிள்ளை: 12 ஏன்? அதற்கு முதலில் பதில்.

வரப்போரம்: சொல்லியாயிற்று. மேலே போய்ப் படியுங்கள். அந்த 12-ல் ஓர் ஊர், ஒரே ஓர் ஊர், சரி என்று சொன்னதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.